தொண்டர் மார்பில் ஒரு பதக்கம்

பதக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழுவது போர்க்களமே. எதிரியை வென்றவனுக்கும் கோட்டையைப் பிடித்தவனுக்கும் வேந்தர்கள் சூட்டிய பொன்னும் வெள்ளியுமே பதக்கத்தின் வரலாறு என்று எண்ணப் பழகிவிட்டோம். ஆனால், பழம் பதக்கங்களைச் சேகரிப்போரின் பேழைகளில் அடிக்கடி தென்படும் வட்டப் பதக்கம் ஒன்று உண்டு. சுமார் ஒன்றரை அங்குலக் குறுக்களவு, வெள்ளி நிறம், மூன்று கறுப்புக் கோடுகளும் இடையிடையே இரண்டு வெள்ளைக் கோடுகளும் கொண்ட நாடா. இதை அணிந்தவர் இதற்காக எந்த நாட்டையும் வென்றவரல்லர். எவர் உயிரையும் பறித்தவரல்லர். பகலெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்திலோ ரயில் பணிமனையிலோ உழைத்துவிட்டு, மாலை வேளைகளில் கட்டுத் துணி சுற்றவும் முறிந்த எலும்புக்குச் சிம்பு வைக்கவும் கற்றவர். ஊரார் கூடும் இடங்களில் ஓரமாக நின்று, விழுந்தவரைத் தூக்கியவர். இப்படி ஒரு காசும் கூலி பெறாமல் 15 ஆண்டுகள் பணி செய்தபின் அவருக்குக் கிட்டியது இந்தப் பதக்கம்.

செயின்ட் ஜான் அமைப்பின் சேவைப் பதக்கம் என்பது இதன் பெயர். இதில் ஒரு முகம் இருக்கிறது. ஒரு சின்னம் இருக்கிறது. விளிம்பில் ஒரு பெயரும் இருக்கிறது. முகம் ஓர் அரசியுடையது. சின்னம் சிலுவைப் போர்களின் நினைவைச் சுமப்பது. பெயரோ உலகம் அறியாத ஓர் எளிய மனிதருடையது. இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நாம் படித்துப் பார்த்தால், தொண்டு என்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

சுரங்கமும் ரயிலும் தந்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து ஆலைகளின் நாடாக மாறியது. சுரங்கங்கள் ஆழமாயின, ரயில் பாதைகள் நீண்டன, ஆலைகளின் பற்சக்கரங்கள் ஓய்வின்றிச் சுழன்றன. விபத்துகளும் பெருகின. கை நசுங்கியவனும் கால் முறிந்தவனும் மருத்துவர் வரும்வரை கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள். பக்கத்தில் நின்ற தோழனுக்கு மனத்தில் இரக்கம் இருந்தது; கையில் பயிற்சி இல்லை. உடைந்த காலோடு ஒருவனை அவசரமாகத் தூக்கினால், உள்ளே முறிந்த எலும்பு சதையைக் கிழித்து வெளியே வந்துவிடும். பெருகி ஓடும் குருதியை எந்த இடத்தில் அழுத்தி நிறுத்துவது என்று தெரியாததனாலேயே பிழைத்திருக்க வேண்டியவர்கள் மாண்டார்கள்.

இந்தக் குறையைப் போக்க 1877 ஆம் ஆண்டில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கப்பட்டது. இராணுவ மருத்துவரான பீட்டர் ஷெப்பர்டும் கர்னல் பிரான்சிஸ் டங்கனும் 1878 இல் லண்டனை அடுத்த வுலிச்சில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகள் நடத்தினர். மருத்துவர்க்கும் படைவீரர்க்கும் மட்டுமே உரியதாயிருந்த ஒரு கலை, அன்று கடைக்காரருக்கும் தொழிலாளிக்கும் திறந்துவிடப்பட்டது. ஷெப்பர்டு பாடக் குறிப்புகளை எழுதி முடித்துவிட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். 1879 சனவரியில் இசாண்டல்வானா போரில் உயிரிழந்தார். அவர் எழுதிய கையேடு அவருக்குப் பின்னும் வாழ்ந்தது.

இதே காலத்தில் ஜெர்மனியின் கீல் நகரத்துப் பேராசிரியர் எஸ்மார்க், முக்கோணக் கட்டுத் துணியின் பயனைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஒரு சதுரத் துணியை மூலைவாட்டில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். அதைக் கொண்டு தலைக் காயத்தையும் கட்டலாம். முறிந்த கையைத் தொட்டில் போலத் தொங்கவும் விடலாம். அவருடைய சொற்பொழிவுகளை விக்டோரியாவின் மகளான இளவரசி கிறிஸ்டியன் 1882 இல் ஆங்கிலப்படுத்தினார்.

பயிற்சி பெற்றவர்கள் பெருகினர். ஆனால், தனித்தனியே சிதறிக் கிடந்தனர். அவர்களை ஒழுங்குபடுத்தி, சீருடை அணிவித்து, கூட்டம் சேரும் இடங்களில் நிறுத்துவதற்காக 1887 இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படை அமைக்கப்பட்டது. ஆண்களைப் போலவே பெண்களும் தாதியர் பிரிவுகளில் சேர்ந்தனர். மறு ஆண்டு, 1888 இல், விக்டோரியா அரசி அரச பட்டயம் வழங்கினார்.

பத்தாண்டுகள் கடந்தன. படை நின்றுவிடாமல் நடக்க வேண்டுமானால், ஆர்வத்தோடு சேருகிறவர்களைவிடச் சேர்ந்து நிலைத்திருப்பவர்களே முக்கியம் என்பது நடத்துவோர்க்குப் புரிந்தது. தொண்டு அமைப்பு எதிலும் தொடக்க நாளில் வருகிறவர்கள் நூறு பேர். பத்தாம் ஆண்டில் எஞ்சுகிறவர்கள் சிலரே. நம் ஊர்ச் சங்கங்களை எண்ணிப் பார்த்தாலே இந்த உண்மை விளங்கும். எனவே 1898 இல் இந்தச் சேவைப் பதக்கம் நிறுவப்பட்டது.

முகம்

பதக்கத்தின் முன்புறத்தில் இருப்பது விக்டோரியா அரசியின் மார்பளவு உருவம். அதை வடித்தவர் தொழில்முறை அக்கசாலையரல்லர். அரசியின் மகளும் சிற்பியுமான இளவரசி லூயிசே அவர். பிரிட்டிஷ் பதக்கங்களின் வழக்கம் யாதெனில், அரசர் மாறினால் முகமும் மாறும். ஆனால் 1901 இல் விக்டோரியா மறைந்தபின்னும், எட்வர்டும் ஜார்ஜுகளும் எலிசபெத்தும் அரியணை ஏறியபோதும், இந்தப் பதக்கத்தில் மட்டும் பழைய முகமே நீடித்தது. ஆகவே, முகத்தைப் பார்த்து ஆண்டைக் கணிக்கலாம் என்று எண்ணும் புதிய சேகரிப்பாளர் ஏமாந்து போவார். 1950 இல் வழங்கிய பதக்கத்தை 1900 இல் வழங்கியதாக எண்ணி வாங்கியோர் உண்டு.

காலத்தைக் காட்டுவது வேறு அடையாளங்களே. தொடக்கத்தில் இது வெள்ளியால் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947 முதல், வெள்ளியின் இடத்தைச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் பிடித்துக்கொண்டது. முதலில் வளையத்தில் தொங்கிய பதக்கம் பின்னர் நேர்ப்பட்டையில் தொங்கியது. 15 ஆண்டுகளுக்குமேல் பணிபுரிந்தால், மேலும் ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் நாடாவில் ஒரு பட்டை சேர்க்கும் முறை 1911 இல் வந்தது. முதலில் அப்பட்டையில் ஐந்தாண்டுச் சேவை என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. 1924 முதல் அவற்றினிடத்தில் எண்முனைச் சிலுவை பொறிக்கப்பட்டது. பட்டைகள் பெருகியபின் பொன்முலாம் பூசியது வழங்கப்பட்டது. பெண்கள் இதே பதக்கத்தை வில் வடிவில் முடிந்த நாடாவில் அணிந்தனர். பிற்காலத்தில் 15 ஆண்டு என்ற வரம்பும் குறைக்கப்பட்டது.

ஒரு பழம் பதக்கத்தில் இரண்டு பட்டைகள் இருந்தால் 25 ஆண்டுகள் என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால், அந்த எண்ணுக்குள் அடங்கியவை எத்தனை மாலைப் பொழுதுகள்! ஆண்டுதோறும் குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு வர வேண்டும். மறுதேர்வு எழுதித் தேற வேண்டும். தவறினால் அந்த ஆண்டு கணக்கில் சேராது. மழை நாளில் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்ற ஞாயிறுகளும், நாடக அரங்கின் பின்வரிசையில் நாடகத்தைப் பாராமல் கூட்டத்தைப் பார்த்திருந்த இரவுகளும் அந்தச் சிறு பட்டைக்குள் இருக்கின்றன.

சின்னம்

இனிச் சின்னத்துக்கு வருவோம். பதக்கத்தின் பின்புறத்தில் அரசச் சின்னத்தைச் சூழ்ந்து இலத்தீன் எழுத்துகள் ஓடுகின்றன. அவற்றுள் ஜெரூசலம் என்ற பெயரும் உண்டு. பட்டைகளில் எண்முனைச் சிலுவை இருக்கிறது. நம்மவர் பலருக்கு இதைக் கண்டதும் மனம் சற்றே தயங்கும். சிலுவைப் போர்களைப் படித்தவர்களுக்கு இந்தத் தயக்கம் இயல்பானதே. ஆதலால் அதை மூடி மறைக்காமல் வரலாற்றைத் திறந்தே பார்ப்போம்.

பதினோராம் நூற்றாண்டில் ஜெரூசலம் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் எகிப்தின் ஃபாத்திமியரோடு வாணிகம் செய்து நல்லுறவு பூண்டிருந்தனர். அவர்கள் அந்த ஆட்சியின் இசைவோடு கிறிஸ்தவப் பயணிகளுக்கென ஒரு விடுதியையும் நோயாளர் இல்லத்தையும் அங்கே அமைத்தனர். முதல் சிலுவைப் போருக்கு முன்பே, சிலுவைப் படை எதுவும் அம்மண்ணில் கால் வைக்காத காலத்திலேயே, இந்த அமைப்பின் விதை ஊன்றப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. அதைக் கவனித்து வந்தவர் ஜெரார்டு என்னும் துறவி.

1099 இல் சிலுவைப் படையினர் நகரைப் பிடித்தனர், குடிமக்கள் வெட்டுண்டனர். அதன்பின் 1113 இல் போப்பாண்டவரின் ஆணை பெற்று இந்த நோயாளர் இல்லம் தனி அமைப்பாயிற்று. காலப்போக்கில் துறவிகள் வாளும் ஏந்தினர். ஒரு கையில் மருந்தும் மறு கையில் வாளுமாக வாழ்ந்த அவர்களுடைய வரலாற்றில் இரண்டுமே உண்மை. அவர்களோடு நம் முன்னோர் களத்தில் பொருதனர். அதே நேரத்தில், அந்த மருத்துவமனையில் முஸ்லிம்களும் யூதர்களும் சிகிச்சை பெற்றனர் என்றும் அக்காலக் குறிப்பு கூறுகிறது.

1187 ஆம் ஆண்டு அக்டோபரில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி பைத்துல் முகத்தஸை மீட்டார். எண்பத்தெட்டு ஆண்டுகளுக்குமுன் அங்கே நடந்ததை அவர் அறியாதவரல்லர். ஆயினும், பழிவாங்கும் படுகொலை நிகழவில்லை. பல போர்களில் தமக்கெதிராக வாள் சுழற்றிய அதே அமைப்பைச் சேர்ந்த துறவிகள் பத்துப் பேரை, எஞ்சியிருந்த நோயாளிகளைக் கவனிக்கும் பொருட்டு ஓராண்டு காலம் அங்கேயே தங்கியிருக்க அவர் அனுமதித்தார். வாளைத் தோற்கடித்த மன்னர் மருந்தைத் தொடர விட்டார். அந்த மருத்துவமனை நின்ற பகுதிக்கு முரிஸ்தான் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நோயாளர் இல்லத்தைக் குறிக்கும் பீமாரிஸ்தான் என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது.

பின்னர் அந்த வீரத்துறவியர் ரோட்ஸ் தீவிலும், அதை 1522 இல் சுல்தான் சுலைமான் கைப்பற்றியபின் 1530 முதல் மால்ட்டாவிலும் வாழ்ந்தனர். 1798 இல் நெப்போலியன் மால்ட்டாவைப் பிடித்ததும் அவர்களுடைய அரசாட்சி முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அப்பெயரையும் சின்னத்தையும் ஏற்று எழுந்த அமைப்பு வாளை ஏற்கவில்லை; நோயாளர் பணியை மட்டுமே ஏற்றது. அது உஸ்மானிய ஆட்சியின் அனுமதியோடு 1882 இல் ஜெரூசலத்தில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. பல இடர்களைத் தாண்டி, 1960 முதல் கிழக்கு ஜெரூசலத்தின் ஷேக் ஜர்ராஹ் பகுதியில் அது நடந்து வருகிறது. அங்கே பார்வை பெறுவோரில் பெரும்பாலோர் பாலஸ்தீன மக்கள். அறுநூறு ஆண்டுப் பகையின் சின்னம், இறுதியில் ஒரு பாலஸ்தீனக் குழந்தையின் கண் கட்டை அவிழ்க்கும் தாதியின் உடையில் வந்து நின்றது!

இதனால் பழைய போர்களை மறந்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. சின்னத்தின் பொருள் அதை ஏந்துகிறவரின் செயலால் மாறுகிறது என்பதே நாம் காண்பது. சின்னத்தை ஏற்க இயலாதோர் வேறு சின்னம் கொண்டதும் வரலாறே. ரஷ்யாவோடு போர் மூண்ட 1876-77 காலத்தில் உஸ்மானியர் செஞ்சிலுவைக்கு மாற்றாகச் செம்பிறையை ஏற்றனர். 1929 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாடு அதனை முறைப்படி ஒப்புக்கொண்டது. சின்னங்கள் இரண்டாயின, காயத்துக்குக் கட்டும் துணி ஒன்றாகவே இருந்தது.

திருப்பித் தரப்பட்ட பதக்கங்கள்

1899 இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வெடித்தது. செயின்ட் ஜான் படையின் தொண்டர்கள் மருத்துவமனைகளில் பணிபுரியக் கடல் கடந்தனர். அப்போரில் குண்டுபட்டு இறந்த பிரிட்டிஷ் வீரரைவிட நோயால் இறந்தவரே மிகுதி. நச்சுக் காய்ச்சல் கூடாரம் கூடாரமாகப் பரவியது. பணிசெய்யச் சென்ற தொண்டர்களிலும் பலர் அதற்கு இரையாயினர். திரும்பியவர்களுக்கு எட்வர்டு மன்னரின் உருவம் பொறித்த வெண்கலப் பதக்கம் ஒன்றை அந்த அமைப்பு தனியே வழங்கியது.

அதே போரில் மற்றொரு தொண்டர் குழுவும் இருந்தது. நேட்டாலில் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள் இந்தியர்களைத் திரட்டி ஒரு தூக்குக் கட்டில் படையை அமைத்தார். சுமார் 1,100 பேர் அதில் சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள்; தமிழ் மண்ணிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அவர்களுள் ஏராளம். கொலன்சோவிலும் ஸ்பியன் காப்பிலும் காயமுற்றோரைத் தோளில் சுமந்து, ஒரே நாளில் 20 மைலுக்கும் அதிகமாக அவர்கள் நடந்தனர். போர்ப் பதக்கம் கிடைத்ததோ குழுத் தலைவர்கள் 37 பேருக்கு மட்டும். சுமந்து நடந்த கூலித் தோள்களின் பெயர் எந்த விளிம்பிலும் ஏறவில்லை.

1906 ஆம் ஆண்டு சூலுக் கிளர்ச்சியின்போதும் காந்தியடிகள் தூக்குக் கட்டில் பணி செய்தார். அதற்கும் பதக்கம் பெற்றார். 1915 இல் தென்னாப்பிரிக்க மனிதநேயப் பணிகளுக்காகக் கைசரே ஹிந்து தங்கப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1920 ஆகஸ்ட் முதல் நாள், அம்மூன்றையும் அவர் அரசப் பிரதிநிதிக்குத் திருப்பி அனுப்பினார். ஏன்? கிலாஃபத் விவகாரத்தில் இந்திய முஸ்லிம்களுக்குத் தந்த வாக்குறுதியை ஆட்சியாளர் மீறினர். பஞ்சாப் படுகொலைக்கும் நீதி கிட்டவில்லை. முஸ்லிம் நாட்டவரின் மனப்புண் ஆறாதவரை அப்பதக்கங்களை அணிய இயலாது என்று அவர் எழுதினார். அவற்றைத் திருப்புவது தமக்கும் வருத்தமே என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நம் குடும்பங்களில் கிலாஃபத் நாட்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர் பலர். அக்கதைகளில் ஒத்துழையாமை உண்டு, கதர் உண்டு, சிறை உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட மூன்று பதக்கங்களும் காயமுற்றோர்க்கும் துன்புற்றோர்க்கும் ஆற்றிய பணிக்குக் கிடைத்தவை என்பதும் அவற்றோடு சேர்ந்து நினைக்கத்தக்கது. காந்தியடிகள் பதக்கத்தைத் திருப்பினாரே தவிர, செய்த தொண்டைத் திருப்பவில்லை. அதைத் திருப்ப எவராலும் இயலாது. ஸ்பியன் காப்பிலிருந்து தூக்கி வரப்பட்டவன் தூக்கி வரப்பட்டவனே. கொடுத்தவரின் மதிப்பு குன்றும்போது உலோகத்தின் மதிப்பும் குன்றுகிறது. பணியின் மதிப்பு தனியே நிற்கிறது.

பெயர்

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியானால் தொண்டுக்குப் பதக்கம் எதற்கு என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் இந்தப் பதக்கம் ஒரு நாள் செய்த கொடைக்கு முழங்கிய முரசன்று. 15 ஆண்டுகள் கழிந்தபின் சொல்லும் நன்றி. அதற்குள் விளம்பரம் வேண்டி வந்தவர்கள் விலகிப் போயிருப்பார்கள். தொண்டர் தாமாகக் கேட்டுப் பெறுவது வேறு. உடனிருந்தோர் எண்ணிப் பார்த்து வழங்குவது வேறு. இரண்டாவது, பின்வரும் இளைஞர்களுக்கு வழிகாட்டியாகவும் அமைகிறது.

பழைய பதக்கங்களில் பலவற்றின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், பிரிவு, சில வேளைகளில் ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். சேகரிப்போர் பூதக்கண்ணாடி கொண்டு முதலில் பார்ப்பது இவ்விளிம்பையே. போர்ப் பதக்கங்களோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை குறைவு, எண்ணிக்கை மிகுதி. விலை குறைவு என்பதாலேயே இவை கேட்பாரற்றுச் சிதறுகின்றன. ஒருவருடைய போர்ப் பதக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, சேவைப் பதக்கத்தைச் சில்லறைக் குவியலில் போட்டுவிடும் வணிகரும் உளர். போரில் நான்காண்டு இருந்த மனிதர், அமைதிக் காலத்தில் நாற்பதாண்டு தொண்டு செய்தார் என்ற முழு வாழ்க்கை அங்கே உடைந்து போகிறது. சிலர் விளிம்பைத் தேய்த்துப் பெயரையே அழித்துவிடுவர். பெயர் அழிந்த பதக்கம் வெறும் உலோகம்.

செயின்ட் ஜான் பயிற்சி நம் நாட்டிலும் ரயில்வே ஊழியர், காவலர், மாணவர் ஆகியோரிடையே வேரூன்றியது. பேருந்து நடத்துநர் உரிமத்துக்காக முதலுதவிச் சான்றிதழ் வாங்கியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். எனவே நம் வீடுகளின் பழைய பெட்டிகளிலும் இத்தகைய பதக்கமோ சான்றிதழோ இருத்தல் கூடும். இருந்தால், அதைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்; தேய்க்கத் தேய்க்க விளிம்பின் எழுத்து மங்கிவிடும். நாடா நைந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். சான்றிதழையும் நிழற்படத்தையும் அதனோடு சேர்த்தே வையுங்கள். அணிந்திருந்தவர் உயிரோடிருந்தால் அருகில் அமர்ந்து, எந்த ஊர், எந்த ஆண்டு, யாரைத் தூக்கினீர்கள் என்று கேட்டுத் தமிழில் ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். பதக்கத்தை விலைக்கு வாங்கலாம். அந்தத் தாளை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

முகம் அரசியுடையது, அவருடைய பேரரசு கலைந்துவிட்டது. சின்னம் பழம்போர்களின் எச்சம். அதை ஏந்தியவர்கள் வாளைக் கைவிட்டுவிட்டனர். பெயர் மட்டும் எவரோ ஒரு சுரங்கத் தொழிலாளியுடையது; ஒரு ரயில் பணியாளருடையது; ஒரு தாதியுடையது. பூதக்கண்ணாடியை விளிம்பருகே பிடித்து அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம். நூறு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.